கறுப்பு தீர்ந்துபோன வகுப்பு

ஓவிய வகுப்பின் வியாழக்கிழமை நான்காம் பாடவேளையைக்
கேட்டு எழுதியவன் நான்தான்.
எட்டாம் வகுப்புக்குப் பின்னம் வரவில்லை,
வாரம் நாற்பது நிமிடம் வீணாக ஆற்றோடு போகிறது
என்று கடிதத்தில் இருந்தது.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்கிற ஆள் நான்.
தலைமையாசிரியர் அதை மடித்து
மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார்.
திங்கட்கிழமை கூட்டம்.

அதற்குள் லமாராவுக்குக் கடைவாய்ப்பல் வலி.
குத்தாயிசிக்குப் பேருந்து ஏறிவிட்டார்.
இன்றைக்கு நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.
பார்த்துக்கொள்வது என்றால்
சத்தம் வராமல் பார்த்துக்கொள்வது என்று நினைத்துப் போனேன்.
சட்டைப்பையில் அளவுநாடா இருந்தது,
இருபத்தெட்டு மேசை கொள்ளுமா என்று பார்க்க.

சியாத்துராவில் எங்கள் பள்ளிக்குக் கீழே க்விரிலா ஓடுகிறது.
மலையில் மாங்கனீசு கழுவிய தண்ணீர்.
பத்தொன்பது வருடம் அதன் பாலத்தில் நடந்திருக்கிறேன்.
என்ன நிறம் என்று நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும்
கண் திறக்காமல் சொல்வேன்.

பிள்ளைகள் சன்னலோரம் நின்று
அந்த ஆற்றைத்தான் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.
தெக்லே என்ற பெண்ணின் தட்டில்
பழுப்பு, கத்தரிப்பூ நிறம், ஒரு துளி துரு.
பத்து நிமிடமாகக் கலக்குகிறாள், தாளில் வைக்கவில்லை.
கறுப்பை எடுத்துப் பூசினால் முடிந்தது என்றேன்.
"கறுப்பு ட்யூப் தீர்ந்துபோச்சு."
எப்போது?
"அக்டோபர்ல."
வாங்கவில்லையா?
"டீச்சர் வாங்கலை. ஆத்துலயும் கறுப்பு இல்லை,
போய்ப் பாருங்கன்னாங்க."

அக்டோபர். இப்போது மார்ச்.
ஐந்து மாதமாக ஒரு வகுப்பே
கறுப்பில்லாமல் ஒரு கறுப்பு ஆற்றைத்
துரத்திக்கொண்டிருக்கிறது,
என் வகுப்பறைக்கு நேர் கீழே.

சுவர் முழுக்க ஆறுகள்.
ஒன்று மழை நின்ற தார்ச்சாலை.
ஒன்று ஊறப்போட்ட வால்நட் தோல்.
ஒவ்வொன்றின் கீழும் பென்சிலில் தேதி, மணி:
ஜனவரி 14, எட்டரை, பனி.
வாஜா தீட்டியதில் மட்டும்
கம்பிவண்டியின் நிழல் விழுந்த இடம் பச்சை.
இது பொய் என்றேன்.
அவன் பதில் பேசவில்லை. சன்னலிலிருந்து நகர்ந்து
எனக்கு இடம் விட்டான்.

வண்டி வர நான்கு நிமிடம் ஆனது.
வகுப்பில் நான்கு நிமிடம் நான் சும்மா நின்றதே இல்லை.
வந்தது.
நிழல் தண்ணீரில் இறங்கியது.

பச்சை.
பாசியின் பச்சைகூட இல்லை, பழைய சீசாவின் அடிப்பச்சை.
வண்டி கடந்ததும் அது போய்விட்டது.

ஓவியத்தால் கணக்கு நன்றாக வரும் என்று
திங்கட்கிழமை யாராவது சொல்வார்கள்.
எனக்குத் தெரிந்து வரவில்லை.
வாஜாவுக்குப் பின்னத்தில் பத்துக்கு நாலு,
போன வாரம் என் கையால் போட்டதுதான்.
ஏழில் மூன்று, பாதியைவிடப் பெரிதா என்று அவனுக்குத் தெரியாது.
அது தெரிந்த எனக்குப்
பத்தொன்பது வருடம் பச்சை தெரியவில்லை.
இரண்டையும் ஒரே சமன்பாட்டில் வைக்கச் சொன்னால்
நான் வைக்கப்போவதில்லை.

அளவுநாடா பையைவிட்டு வெளியே வரவில்லை.
கடிதம் இன்னும் கண்ணாடிக்கு அடியில் கிடக்கிறது.
திரும்பக் கேட்க வெட்கமாக இருக்கிறது.
நாளை கேட்பேன்.

சாயங்காலம் பாலத்தின் நடுவில் நின்றேன்.
பேருந்தை நிறுத்திய ஓட்டுநர் தலையை நீட்டி
என்ன தொலைத்தீர்கள் என்றார்.

வீட்டில் எதேரி என் சட்டைக்கையைப் பிடித்துத் திருப்பினாள்.
என்ன கறை இது, கறுப்பா?
ஆமாம் என்று வாயெடுத்தவன்
விளக்குக்குப் பக்கத்தில் போனேன்.